ஒரு துளி உராய்வு

சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு, அதைத் தொடாமல் தையல்நாயகி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தயிர்சாதத்தின் மேல் வைத்த மோர்மிளகாய் நமுத்துப்போகும், போகட்டும். அறையில் யாருமில்லை. இன்றைக்கு கேன்டீனில் பாயசம் என்று கேள்விப்பட்டு ஆராய்ச்சிப் பிரிவு முழுவதும் நேரத்தோடு இறங்கிப் போய்விட்டது. பாயசமே அவளுடைய கணக்குக்காகத்தான். மூன்று வருஷம் உட்கார்ந்து போட்ட கணக்கு, மதிய ஷிப்ட் ஆட்கள் வந்ததும், எதிர்க் கட்டடத்தில், பாட் ரூம் என்கிற தொட்டிக் கூடத்தில், நிஜமாகப் போகிறது. அலுமினியம் உருகிக் கிடக்கும் தொட்டிகளில் ஐந்தைத் தேர்ந்தெடுத்து, அவள் சொன்ன அளவுக்குக் கரிக்கட்டிகளை இறக்கப்போகிறார்கள். மேலிடத்திலிருந்து பெரியவர்கள் வந்திருக்கிறார்கள், கெஸ்ட் ஹவுசில் வாழையிலை போட்டிருக்கிறது. இதெல்லாம் நடக்கிற நாளில், சும்மா இருக்க முடியாமல், ஒரு கட்டுரைக்குப் பின்னிணைப்பாக ஆகட்டுமே என்று கணக்குக்குள் கொடுத்திருந்த எண்களை ஒவ்வொன்றாகப் பெயர்த்து எழுத உட்கார்ந்தாள், பாருங்கள், அப்போதுதான் அது கண்ணில் பட்டது. உராய்வு. சின்ன எண்தான். அவளே வைத்தது. வைத்ததை அடியோடு மறந்துபோயிருந்தாள். அதை எடுத்துவிட்டு, நியாயமாக இருக்கவேண்டிய அளவை அங்கே வைத்து, அதே கணக்கை மறுபடி ஓடவிட்டிருக்கிறாள். திரையில் ஒரு கோடு மேலும் கீழுமாக நெளிந்துகொண்டு வலப்பக்கம் நகர்கிறது. கோடு அடங்கிவிட்டால் பாயசம் சாப்பிடப் போகலாம். அடங்காவிட்டால் என்ன என்பதை அவள் இன்னும் நினைக்க ஆரம்பிக்கவில்லை. அதாவது, நினைக்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

நீ என்னதான் வேலை பார்க்கிறாய் என்று கல்யாண வீடுகளில் கேட்கும் சொந்தக்காரர்களுக்கு அவள் ஒரு பதில் தயாராக வைத்திருந்தாள். ஆரத்தித் தட்டு தெரியுமில்லையா, அதுதான். ஒரு பெரிய தொட்டி. அடியில் உருகிய அலுமினியம், அதன்மேல் உருகிய உப்புக் குழம்பு, குழம்புக்குள் மேலிருந்து தொங்கும் கரிக்கட்டிகள். மின்சாரம் கரியிலிருந்து குழம்பு வழியாக அலுமினியத்துக்குள் இறங்குகிறது. கரிக்கும் அலுமினியத்துக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி. அந்த இரண்டு விரலைத் தாண்டுவதற்குள் ஏகப்பட்ட மின்சாரம் வெறும் சூடாகப் போய்த் தொலைகிறது. அதனால் கரியை இன்னும் கொஞ்சம் இறக்கத்தான் எல்லாருக்கும் ஆசை. ஆனால் அந்த மின்சாரம் சும்மா போவதில்லை. தன்னைச் சுற்றித் தானே காந்தத்தை உண்டாக்கி, அந்தக் காந்தத்தாலேயே அலுமினியத்தைப் பிடித்துத் தள்ளுகிறது. தட்டில் ஆரத்தி நீர் ஆடுகிற மாதிரி அலுமினியம் ஆடும். இடைவெளி குறையக் குறைய அந்தத் தள்ளலுக்கு வலு கூடும். ஆட்டம் தானாக அடங்குமா, வளர்ந்துகொண்டே போய்க் கரியைத் தொடுமா, தொட்டால் தொட்டி என்ன கக்கும், இதைக் கரியை இறக்குவதற்கு முன்பே சொல்லிவிடுவதுதான் என் வேலை. அவள் இதைச் சொல்லி முடிப்பதற்குள் பந்தியில் சாம்பார் வந்துவிடும். ஓ, ஆரத்தியா, என்று கேட்டவர் இலைப்பக்கம் திரும்பிவிடுவார். அவள் ஆரத்தி எடுத்திருக்கிறாள். தம்பி குலசேகரன் கல்யாணத்தில், பொண்ணு மாப்பிள்ளை வாசலில் நிற்க, உள்ளேயிருந்து அகலமான பித்தளைத் தட்டை ஏந்திக்கொண்டு வந்தாள். அத்தை ஊற்றியது கொஞ்சம் அதிகம். ஒரு அடி வைத்தால் சிவப்புத் தண்ணீர் அந்த விளிம்புக்குப் போனது, அடுத்த அடிக்கு இந்த விளிம்புக்கு வந்தது. நாலு அடி போனதும் அவள் நடையும் தண்ணீரும் ஒன்றோடொன்று ராசியாகிவிட்டது தெரிந்தது. அப்போதே எம்.எஸ்ஸி. முடித்திருந்தாள். என்ன நடக்கிறது என்று அட்சர சுத்தமாகத் தெரியும். ஒரு நிமிஷம் நின்றால் போதும். ஆனால் மேளம் அடித்துக்கொண்டிருந்தது, போட்டோக்காரன் எதிரே குனிந்திருந்தான், எவ்வளவு அழகா ஏந்திட்டு வர்றா பாரு என்று யாரோ சொன்னது காதில் விழுந்திருந்தது. எப்படி நிற்பது? சிரித்த முகத்தோடு நடந்தாள். தண்ணீர் புதுப்பெண்ணின் கூறைப்புடவையில் போய் விழுந்தது. நல்ல சகுனம்தான் என்றார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள்.

கோடு நெளிந்துகொண்டிருந்தது. அடங்குகிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. இன்னும் ஆரம்பம்தானே. எதற்காக அந்த எண்ணை வைத்தோம் என்று யோசித்தாள். யோசிக்க என்ன இருக்கிறது, ஞாபகம் இருக்கிறது, அதுதான் வேதனை. அப்போது கணக்கு நிலைத்து நிற்கவே மாட்டேன் என்றது. ஓடவிட்டால் கொஞ்ச தூரம் போகும், திடீரென்று எண்கள் கோடி, கோடி கோடி என்று ஆகாசத்துக்குப் போய்விடும். எங்கோ பிழை இருந்தது. பிழையைத் தேட நேரம் வேண்டும். அந்த வாரம் மாமியாருக்குக் கண் ஆபரேஷன், பிரிவுத் தலைவர் வேதமூர்த்தி சாருக்கோ மறுநாள் மீட்டிங்கில் காட்ட ஒரு படம் வேண்டும். தற்காலிகமாக ஒரு துளி உராய்வு சேர்த்தாள். எண்களைக் கையைப் பிடித்து உட்காரவைப்பது போலத்தான். மற்றதெல்லாம் சரியானதும் எடுத்துவிடலாம். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாரும் செய்வதுதான், யாரும் வெளியே சொல்வதில்லை. பிழையைப் பிற்பாடு கண்டுபிடித்துத் திருத்தியும்விட்டாள். உராய்வு மட்டும் அங்கேயே உட்கார்ந்துவிட்டது. அது சத்தம் போடவில்லை, ஒரு தொந்தரவும் தரவில்லை, பிறகு ஏன் ஞாபகம் வரப்போகிறது? கோடு அவ்வளவு இதமாக அடங்கியது. "நாயகி, இத்தனை வழுவழுன்னு ஒரு கணக்கை நான் பாத்ததே இல்லம்மா" என்றார் வேதமூர்த்தி சார். அன்றைக்கு இரவு சப்பாத்திக்குப் பிசையும்போது அந்த வழுவழு என்ற சொல்லை நினைத்து நினைத்துச் சந்தோஷப்பட்டாள். சரி, நிஜத் தொட்டியில் மட்டும் உராய்வு இல்லையா என்ன? அடியில் வண்டல் கிடக்கிறது, சுவரில் உப்பு உறைந்து நிற்கிறது, அதெல்லாம் அலையைத் தேய்க்காதா? தேய்க்கும். எவ்வளவு? அங்கேதான் மாட்டிக்கொண்டது. அளந்தவர்கள் சொல்கிற அளவு அவள் வைத்ததில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. அவர்கள் அளந்தது வேறு ஊர்த் தொட்டி. நம் தொட்டியில் வண்டல் அதிகம். அதிகமென்றால் ஐந்து மடங்கா? இருக்கலாம். இருக்கவேண்டும். அலையை அடக்கியது தொட்டியா, நானா? இந்தக் கேள்விக்கு வந்ததும் மனசு சட்டென்று திரும்பி மறுபடி வண்டலுக்கே போய்விட்டது.

பாட் ரூமுக்குள் அவள் முதன்முதலாகப் போன நாளில் நெஞ்சை யாரோ பிடித்து இழுத்தார்கள். பயந்து குனிந்து பார்த்தால், தாலிச்சங்கிலியில் மாட்டியிருந்த ஊக்குகள். வீட்டில் எல்லாப் பெண்களையும் போல அவசரத்துக்கு உதவுமே என்று மூன்று ஊக்கு மாட்டி வைத்திருந்தாள். மூன்றும் எழுந்து, விறைத்துக்கொண்டு தொட்டிப் பக்கம் நீட்டின. சங்கிலியே கழுத்திலிருந்து ஒரு விரல் உயரம் தூக்கிக்கொண்டு நின்றது. ஷிப்ட் இன்சார்ஜ் ஜெயசீலன் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கப் பெரும்பாடு பட்டான். "ஊக்கெல்லாம் கழட்டி வெச்சிட்டு வந்திருக்கோணுமுங்க மேடம்." "யாரும் சொல்லலையே." "சொல்றதுக்கு, ஊக்கு போட்ட ஆளே இதுக்கு முன்னால உள்ள வந்ததில்லீங்களே." அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவன் சிநேகிதம். அவள் கணிப்பொறிக்கு ஜோசியப் பெட்டி என்று பெயர் வைத்ததும் அவன்தான். அவன் முழங்கையில் வெள்ளை வெள்ளையாகப் பொட்டுகள் இருக்கும்; எப்போதோ ஒரு தொட்டி கலங்கித் தெறித்தபோது பட்டது. கேட்டால், "தொட்டி குடுத்த முத்தமுங்க, வீட்டுக்காரிக்குத் தெரியாது" என்பான். போன வாரம் அவன் இந்த அறைக்கு வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல், கையில் ஹெல்மெட்டைச் சுற்றிக்கொண்டே கேட்டான். "ஒன்னே ஒன்னுதானுங்க மேடம். கரி எறக்கறப்ப ஆளுங்க பக்கத்துல நின்னு பாத்தா வேலை சுத்தமா இருக்கும். நீங்க நிச்சயம்னு சொன்னா நிக்க வெக்கறேன். இல்லைன்னா தள்ளி நிக்கச் சொல்றேன். எதுங்க?" நிச்சயம் என்றாள். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை, காபி வேண்டுமா என்று கேட்டதற்குப் பதில் சொல்வது மாதிரி. அவன் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. வேறு யாராவது என்றால் நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். கேட்டிருக்கக்கூடாதா இவன்? அவன்மேல் கோபம் வந்தது. அநியாயமான கோபம் என்று தெரிந்தும் கொஞ்ச நேரம் அதை வைத்துக்கொண்டிருந்தாள், அது இருக்கும்வரை பயம் வரவில்லை.

நாயகி இருக்கிற இடத்தில் சத்தமே இருக்காது. இது அவளைப் பற்றி எல்லாரும் சொல்வது. பெண் பார்க்க வந்தபோதே மாமியார் முகத்தைப் பார்த்துச் சொன்னது. உண்மைதான், வீட்டில் ஒரு வருஷமாக அவள் கணவன் செழியனும் மகன் கதிரும் ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை, ஆனால் வீட்டுக்குள் வருகிற யாருக்கும் அது தெரியாது. கதிர் இன்ஜினியரிங்கை மூன்றாம் வருஷத்தில் விட்டுவிட்டு ஒரு பேக்கரியில் கேக் செய்யப் போனதிலிருந்து அப்படி. அவர் ஹாலில் இருப்பார், அவன் உள்ளே இருப்பான், நடுவில் இவள் நடப்பாள். "கேக் கடைக்காரனுக்கு என் வீட்டுல என்ன வேலை, போகச் சொல்லு" என்று அவர் சொல்வதை எடுத்துக்கொண்டு போவாள்; சமையலறையைத் தாண்டுவதற்குள் அது, அப்பா உன்னைப் பத்தி ரொம்பக் கவலைப்படறார்டா, என்று ஆகிவிடும். "அவர் மூஞ்சியப் பாக்கவே எனக்குப் பிடிக்கல" என்பதை எடுத்துக்கொண்டு திரும்பி வருவாள். வருவதற்குள் அவனுக்கு வேலை அதிகம், அலுப்பு, நாளைக்குப் பேசறேன்னான், என்று மாறியிருக்கும். இப்படி எத்தனை நாளை! அவளுக்கு இதில் ஒரு கைத்திறன்கூட வந்துவிட்டது, பெருமை என்றுகூடச் சொல்லலாம். இப்போது, நமுத்த மோர்மிளகாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கையில், அவர்கள் இரண்டுபேரும் நிஜமாக என்ன சொன்னார்கள் என்று ஒருவருக்கொருவர் தெரியவே தெரியாது என்பது அவளுக்கு உறைத்தது. அவர்கள் ஒரு வருஷமாகப் பேசிக்கொண்டிருப்பது அவளோடு. வீடு அடங்கியிருக்கிறதா, அவள் அடக்கி வைத்திருக்கிறாளா? அவள் நாலு நாள் ஊருக்குப் போனால் என்ன ஆகும்? சீர்காழியில் அம்மாவைப் பார்க்கப் போகாமல் எத்தனை காலம் ஆகிறது, ஏன் போகவில்லை, லீவு இல்லை என்றுதானே சொல்லிக்கொண்டிருக்கிறோம். வேண்டாம், இப்போது அது வேண்டாம். இப்போது கோடு.

கோடு அடங்கியிருந்தது! அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். ஆமாம், மேடு சிறுத்திருந்தது, பள்ளமும் சிறுத்திருந்தது, கோடு கிட்டத்தட்ட நேராகிவிட்டது. வாய்விட்டு, தெய்வமே, என்றாள். அந்த உராய்வு இல்லாமலே அடங்கியிருக்கிறது. அதாவது அவள் வைத்தது வீண், வீண் என்றால் எவ்வளவு நல்ல வீண், யாருக்கும் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. பசி அப்போதுதான் தெரிந்தது. டப்பாவை இழுத்து நாலு வாய் வேகமாகச் சாப்பிட்டாள். தயிர் லேசாகப் புளித்திருந்தது, அதுவும் நன்றாகத்தான் இருந்தது. கேன்டீனில் பாயசம் மிச்சமிருக்குமா? ஜெயசீலனிடம் ஒருநாள் சொல்லிச் சிரிக்கலாம், உங்களால ஒரு மத்தியானம் என் உசுரு போயிடுச்சு என்று. மகனை ஞாயிற்றுக்கிழமை ஒரு கேக் செய்து எடுத்துவரச் சொல்லி அவன் அப்பா கையால் வெட்டவைத்தால் என்ன? சாப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்தாள். கோடு மறுபடி நெளிய ஆரம்பித்திருந்தது. முதலில் நூல் மாதிரி. வாயில் சோற்றோடு பார்த்தாள். தொட்டிக்குள் ஆடுவது ஒரு அலை அல்ல, இரண்டு. நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று. இரண்டும் எதிரெதிராக வரும்போது ஒன்றை ஒன்று மறைத்துக்கொள்ளும், பார்ப்பதற்கு அடங்கின மாதிரி இருக்கும். இதை அவளே பயிற்சி வகுப்பில் புதிதாக வந்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறாள். ஏமாந்துவிடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறாள். இப்போது இரண்டும் கைகோத்துக்கொண்டுவிட்டன. மேடு பழைய உயரத்துக்கு வந்தது, தாண்டியது. அடுத்த மேடு அதையும் தாண்டியது. எந்த அவசரமும் இல்லாமல், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சம், அது வளர்ந்துகொண்டே போனது. வண்டல், என்றது மனசு. நம் ஊர்த் தொட்டியில் வண்டல் அதிகம். ஐந்து மடங்கு இருக்கலாம். யார் கண்டது, இருக்கலாம். யாருக்கும் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டு இத்தனை பெரியவர்கள் முன்னால் எப்படி நிறுத்தச் சொல்வது? அவர்கள் இறக்குவது மெதுவாகத்தானே, கலங்கினால் உடனே தூக்கிவிடமாட்டார்களா? தூக்கிவிடுவார்கள். தெறித்த பிறகு தூக்குவார்கள். பக்கத்தில் நின்று பார்ப்பார்கள், நிச்சயம் என்றாளே. அந்த முழங்கை ஞாபகம் வந்தது. ஜன்னல் வழியே, மதிய ஷிப்ட் ஆட்கள் சாப்பிட்ட கையைத் துடைத்தபடி பாட் ரூம் வாசலை நோக்கிப் போவது தெரிந்தது. சங்கிலியில் இருந்த ஊக்குகளை அவள் கை தானாகப் பிடித்துக்கொண்டிருந்தது. இங்கே அவற்றை எதுவும் இழுக்கவில்லை. ஆனாலும் இழுத்த மாதிரிதான் இருந்தது.

கை கழுவக்கூட இல்லை. இடது கையால் போனை எடுத்து, பாட் ரூமில் இருக்கும் கார்ட்லெஸ் போனின் எண்ணைப் போட்டாள். அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை என்றால் ஓடவேண்டும், இந்தச் செருப்போடு ஓடமுடியாது, கழற்றிவிட்டு ஓடலாம் என்று யோசிக்கும்போது ஜெயசீலன் எடுத்தான். பின்னால் ஒரே இரைச்சல்.

"பாட் ரூமுங்க."

"ஜெயசீலன், நான் நாயகி."

"சொல்லுங்க மேடம். பாயசம் ஆச்சுங்களா? எனக்கு ஒரு டம்ளர் எடுத்து வெக்கச் சொல்லியிருக்கேன்."

"கரியை இறக்க வேண்டாம். ஆளுங்களத் தள்ளி வரச் சொல்லுங்க, முதல்ல அதைச் செய்யுங்க. என் கணக்கு சரியில்ல."

அவன் ஏன் என்று கேட்கவில்லை. போனை எங்கோ வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவன் குரல், தூரத்தில், தொண்டை கிழிய: "நிறுத்துங்கப்பா! அய்யாவு, எல்லாரையும் இந்தப் பக்கம் கூட்டியா! கிட்ட யாரும் போவாதீங்க!" அந்தக் குரலைக் கேட்டதும் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. ஆட்கள் தள்ளி வந்துவிடுவார்கள். வந்துகொண்டிருக்கிறார்கள். அவன் திரும்ப வந்து போனை எடுத்தபோது குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வந்துட்டாங்க மேடம், எல்லாரும் இந்தப் பக்கம்தான். பெரியவங்கெல்லாம் மேல கண்ணாடி கிட்ட நிக்கறாங்க. வேதமூர்த்தி சார் என்னையேதான் பாக்கறார். ஒன்னு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. கரி எறக்கற கிரேன் தகராறுன்னு சொல்லிப்போடறேன். இந்த கிரேன் என்னிக்கு ஒழுங்கா ஓடுச்சு, யாரும் ஒரு வார்த்தை கேக்க மாட்டாங்க. நீங்க மெதுவா உக்காந்து சரி பண்ணிட்டுச் சொல்லுங்க, அப்புறம் பாத்துக்கலாம். சத்தமில்லாம முடிஞ்சிருமுங்க."

எவ்வளவு நல்லவன் இவன். அவளுக்காக, பெரியவர்கள் முன்னால், கிரேன்மேல் பழியைப் போடத் தயாராக நிற்கிறான். அவள் உடம்பு முழுவதும் அந்தப் பக்கமே சாய்ந்தது. சரி என்ற வார்த்தை நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. மூன்று வருஷம் காப்பாற்றப்படும், வழுவழு காப்பாற்றப்படும், பாயசம் சாப்பிட்டவர்கள் முகத்தைத் தைரியமாகப் பார்க்கலாம். ஒருவருக்கும் தெரியாமல் அந்த எண்ணை எடுத்துவிட்டு, மெள்ள, ஒரு மாசத்தில், புதிதாக ஏதோ கண்டுபிடித்த மாதிரி சொல்லிக்கொள்ளலாம். கிரேன் நாளைக் காலையில் சரியாகிவிடும். சரியானால் இறக்கத் தயாராகிவிடுவார்கள். மறுபடி ஒரு தகராறு கண்டுபிடிக்கவேண்டும். அதற்கப்புறம் இன்னொன்று. எத்தனை நாளை! திரையில் கோடு இப்போது மேல் விளிம்பைத் தொட்டுவிட்டு இறங்கிக்கொண்டிருந்தது. சத்தமில்லாமல் என்று அவன் சொன்னது காதுக்குள்ளேயே நின்றது. இவ்வளவும் சத்தமில்லாமல்தானே நடந்தது.

"வேண்டாம் ஜெயசீலன். கிரேன் நல்லாத்தான் இருக்கு."

"மேடம்..."

"நல்லதுக்குத்தான் சொல்றீங்க, தெரியுது. போனை சார்கிட்ட குடுங்க. அவரோட நான் பேசறேன்."

பிறகு இரும்புப் படியில் பூட்ஸ் ஏறும் சத்தம், ஒரு கதவு, இரைச்சல் சட்டென்று குறைந்தது, யாரோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தது நின்றது. தயிர் காய்ந்த வலது கையால் அவள் சாப்பாட்டு டப்பாவைத் தள்ளி வைத்தாள்.

"என்னம்மா நாயகி, என்ன ஆச்சு? எல்லாரும் காத்துட்டிருக்காங்க."

குரல் உடைகிற மாதிரி இருந்தால் ஒரு வாய்த் தண்ணீர் குடித்து அதைச் சமன் செய்துகொண்டுதான் அவள் எப்போதும் பேசுவாள். தண்ணீர் பாட்டில் எதிரேதான் இருந்தது.

"சார், என் கணக்கு தப்பு," என்றாள். "அலையை அடக்கினது தொட்டி இல்ல சார், நான்." நடுங்குகிற குரலிலேயே, நிறுத்தாமல், மீதியையும் சொல்லத் தொடங்கினாள்.